மாமாவின் பழைய பாஸ் கிட்டார்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒரு முறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாய்மாமா 1970-களின் கடைசியில் வாங்கி, கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத் திருவிழா ஆர்கெஸ்ட்ராக்களில் வருஷக்கணக்காக வாசித்த ஜப்பான் பாஸ் கிட்டார் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பிரெசிஷன் பாஸ் வடிவம், நடுவில் வெளிறி ஓரத்தில் கருமையாகும் சன்பர்ஸ்ட் நிறம். சத்தம் மெலிசாக வருகிறது, கூடவே ஒரு இரைச்சல். ஸ்ட்ரிங் எல்லாம் துரு. முன்கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. புது பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) போட்டு, புது ஸ்ட்ரிங் மாட்டி, பாடியைக் கறுப்பாக அடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஸ்ட்ரிங்கை இன்றைக்கே மாற்றுங்கள். பிக்கப்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள். பெயின்டைத் தொடாதீர்கள். நான் தர்மபுரியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கிட்டாரும் ஆம்பும் ரிப்பேர் பார்க்கிறேன். பழைய கருவி மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த வேலையைச் செய்த பிறகு, வேண்டாமென்றால் பழையபடி ஆக்க முடியுமா? ஸ்ட்ரிங்கை மாற்றினால் முடியும். பிக்கப்பைக் கழற்றிப் பத்திரமாக வைத்தால் முடியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பெயின்ட் திரும்பி வராது.

சரி, ஸ்ட்ரிங்கிலிருந்து தொடங்குவோம். டேப்பை எடுத்து, நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல். 34 அங்குலம் வந்தால் லாங் ஸ்கேல். 1951-இல் ஃபெண்டர் பிரெசிஷன் பாஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு அது, இன்றும் பெரும்பாலான பாஸுக்கு அதேதான். ஆனால் அந்தக் காலத்து ஜப்பான் பாஸ்களில் 30 அங்குலமும் 32 அங்குலமும் உண்டு. வெளியே பிரெசிஷன் மாதிரி இருக்கும், ஸ்கேல் குட்டையாக இருக்கும். அளக்காமல் லாங் ஸ்கேல் செட்டை வாங்கி குட்டை பாஸில் மாட்டினால், ஸ்ட்ரிங்கின் தடித்த பகுதியே ட்யூன் செய்யத் திருகும் பெக்கில் போய்ச் சுற்றும். அங்கே மேல்சுற்று பிளந்து, புது ஸ்ட்ரிங் முதல் நாளே செத்த மாதிரி ஒலிக்கும்.

எந்த ஸ்ட்ரிங் என்பதுதான் ருசி உள்ள கேள்வி. கடையில் பாஸ் ஸ்ட்ரிங் என்று கேட்டால் கொடுப்பது ரவுண்ட்வுண்ட். உள்கம்பி மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியது. விரல் வைத்தால் நறநறவென்று இருக்கும், ஒலி பளீரென்று வரும். பிரெசிஷன் பாஸ் பிறந்தபோது இது வழக்கத்தில் இல்லை. அப்போது பட்டையான நாடாவைச் சுற்றிய ஃப்ளாட்வுண்ட்தான். ரவுண்ட்வுண்ட் பாஸ் ஸ்ட்ரிங் 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனியும் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உழைத்த பிறகுதான் பெரிதாகப் பரவியது. அதே காலத்தில் அமெரிக்காவில் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 மாடல் பிரெசிஷனில் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வுண்டை மாட்டி, அறுந்தால் ஒழிய மாற்றாமலே வாசித்தார்.

உங்கள் பாஸுக்கு என் தேர்வு ஃப்ளாட்வுண்ட். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பாஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாஸ் என்றால் நமக்கு உருண்டையாக, பாடகர் குரலுக்குக் கீழே தானும் ஒரு மெட்டாக நகர வேண்டும். பிரெசிஷன் வடிவ பாஸில் ஃப்ளாட்வுண்ட் போட்டு டோன் குமிழியைப் பாதிக்கு இறக்கினால் அந்த உருண்டை கிடைக்கும். இன்னொரு லாபம், ஃப்ரெட் அவ்வளவாகத் தேயாது. பழைய பாஸில் ஃப்ரெட் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், அதன்மேல் ஸ்டீல் ரவுண்ட்வுண்ட் அரம் மாதிரி வேலை செய்யும். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் மட்டும் ரவுண்ட்வுண்ட் வாங்குங்கள், அதிலும் நிக்கல் பூசியதாக. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பழைய ரவுண்ட்வுண்டைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டெடுத்துத் துடைத்து மாட்டுவார்கள். இடுக்கில் இருக்கும் வியர்வை அழுக்கு போய் நாலைந்து கச்சேரிக்குப் பளபளப்பு வரும். துருப்பிடித்த ஸ்ட்ரிங்குக்கு அது உதவாது.

கேஜ், அதாவது ஸ்ட்ரிங்கின் தடிமன், 45-லிருந்து 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) உள்ள செட் போதும். நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை அரிசி. அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். பெக்கைத் தாண்டி நான்கு விரல் அகலம் விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்னால் ஸ்ட்ரிங்கை செங்குத்தாக மடக்கிய பிறகே வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று வழுக்கும்.

மாட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் ட்யூன் செய்து, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மி.மீ. இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. அதிகம் என்றால் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். இறுக்கும்போது கை தடைபட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ராட் முறிந்த நெக்கைச் சரிசெய்ய ஃபிங்கர்போர்டையே பெயர்க்க வேண்டிவரும். நம் பக்கத்து சித்திரை வெயிலில் நெக் ஒரு மாதிரி நிற்கும், ஐப்பசி மழையில் வேறு மாதிரி நிற்கும். வருஷத்துக்கு இரண்டு முறை இதைப் பார்ப்பது வழக்கமாகட்டும். ஓட்டு வீட்டுப் பரணில் மட்டும் வைக்காதீர்கள்.

இனி மெலிசான சத்தம். இதைத்தான் நீங்கள் பிக்கப் பழசாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பியும், அதாவது காயிலும். ஐம்பது வருஷத்தில் காந்தம் அப்படியொன்றும் சோர்ந்துவிடாது. கம்பி அறுந்திருக்கும், இல்லை ஈயப்பற்று விட்டிருக்கும், இல்லை வால்யூம் கன்ட்ரோலில் கசடு ஏறியிருக்கும். மூன்றில் எது என்று ஒரு மல்டிமீட்டர் சொல்லிவிடும்.

பாஸில் வயரைச் செருகுங்கள், மறுமுனையை ஆம்பில் செருகாமல் கையில் வையுங்கள். வால்யூமை முழுதாகத் திறந்து, பின்னின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். பிரெசிஷன் வகை பிக்கப் நலமாக இருந்தால் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். ஜப்பான் பிக்கப் கொஞ்சம் கூடக் குறையக் காட்டலாம், கவலை இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஜாக்கில் எங்கோ ஷார்ட். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் விஷயம் வேறு. நீங்கள் அளப்பது பிக்கப்பை அல்ல, வால்யூம் கன்ட்ரோலை. பிக்கப் கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அறுந்த பிக்கப் முழு மௌனமாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறுந்த இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் ஒலி கசியும், அடித்தொண்டை இல்லாமல், மெலிசாக, தகர டப்பா மாதிரி. நீங்கள் சொல்லும் அறிகுறி அதேபோல் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 1957-இலிருந்து பிரெசிஷன் பிக்கப் இரண்டு துண்டு. ஒன்று தடித்த இரண்டு ஸ்ட்ரிங்குக்கு, மற்றது மெல்லிய இரண்டுக்கு. இரண்டும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் நான்கு ஸ்ட்ரிங்கும் கெட்டுப்போகும். பாடி மேல் உள்ள பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைத் திறந்து தனித்தனியாக அளந்தால், நல்லது சுமார் 5 கிலோ ஓம் காட்டும், அறுந்தது எதுவும் காட்டாது.

அறுந்தது பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும், மெல்லிய காயில் கம்பி வெளி வயரோடு சேரும் கண்ணி பக்கத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு ஒரு புள்ளி தெரியும். வியர்வை உப்பு தின்ற இடம் அது. கம்பி நுனியைக் கண்டுபிடித்து, எனாமலை மெதுவாக நீக்கி மறுபடி பற்றவைத்தால் பிக்கப் உயிர் பெறும். இந்த வேலையின்போது ஒரு எச்சரிக்கை. ஃபெண்டர் வகை பழைய பிக்கப்பில் காயில் நேராகக் காந்தத் தண்டுகள் மேலேயே சுற்றப்பட்டிருக்கும், நடுவில் வார்னிஷ் பூச்சு மட்டும்தான். உயரத்தைச் சரிசெய்கிறேன் என்று அந்தத் தண்டை விரலால் அழுத்தினால் உள்சுற்று அறுந்துவிடும். உயரத்தை ஸ்க்ரூவில்தான் மாற்ற வேண்டும்.

நடுவில் அறுந்திருந்தால் மறுபடி சுற்றத்தான் வேண்டும். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நம் இரண்டு மாவட்டத்திலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, நல்ல கைக்காரர்கள். ஆனால் இதை அங்கே கொடுக்காதீர்கள். இந்தக் கம்பி 0.06 மி.மீ., தலைமுடி அளவு. ஒரு துண்டில் பத்தாயிரம் சுற்று அளவுக்கு வரும், இழுவை கொஞ்சம் கூடினால் பட்டென்று போய்விடும். பிக்கப் சுற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

மீட்டர் 10 கிலோ ஓம் காட்டிவிட்டால் பிக்கப் நலம். அப்போது சந்தேகம் வால்யூம் கன்ட்ரோலிலும் ஜாக்கிலும். கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து முப்பது நாற்பது முறை திருகுங்கள். அப்படியும் கரகரவென்றால் 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் கன்ட்ரோல் ஒன்று வாங்கி மாற்றுங்கள், கழற்றியதைக் கவரில் போட்டு வையுங்கள். டோன் கெப்பாசிட்டரில் 473 என்று அச்சிட்டிருந்தால் 0.047 மைக்ரோ ஃபேரட், சரியான மதிப்பு. 104 என்றால் 0.1, ஒலி இன்னும் இருட்டாகும். பெரிய விலை சொல்லி விற்கும் ஆயில் கெப்பாசிட்டர்கள் தேவையில்லை, மதிப்புதான் காதில் கேட்கும். இவை எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கன்ட்ரோலின் முதுகில் ஈயம் பற்றவைக்க ரேடியோ மெக்கானிக்கின் 25 வாட்ஸ் அயன் போதாது, 60 வாட்ஸ் வேண்டும். சூடு போதாத பற்று வெளிறிப்போய் உருண்டையாக நிற்கும், ஆறு மாதத்தில் விட்டுவிடும்.

இரைச்சலுக்கு வருகிறேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பாஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி நோட் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம் ஊர் இரைச்சல் அந்த ஜி நோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜி-யில் பாட்டு போகும்போது பாஸ் கலங்கலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரெசிஷன் பிக்கப்பின் இரண்டு துண்டுகளையும் எதிரெதிர் திசையில் சுற்றி, எதிரெதிர் காந்தத்தோடு வைத்ததே இந்த இரைச்சலை அடித்துப்போடத்தான். யாரோ பழைய ரிப்பேரில் ஒரு துண்டின் வயர்களை மாற்றிப் பற்றவைத்திருந்தால் ஸ்ட்ரிங் ஒலி அப்படியே இருக்கும், இரைச்சல் மட்டும் கழிவதற்குப் பதிலாகக் கூடும். அந்தத் துண்டின் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது. இப்படி ஒரு பாஸ், பல வருஷம் பெரிய இரைச்சலோடு வாசிக்கப்பட்டு, என்னிடம் வந்து பத்து நிமிஷத்தில் அமைதியானது.

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் ஷீல்டிங், அதாவது வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை, போதவில்லை. குழிக்குள் செப்பு ஃபாயில் ஒட்டி, அதை எர்த்தில் சேருங்கள். தொட்டால் கூடுகிறதென்றால் ஜாக்கில் வயர் மாறியிருக்கிறது. இரைச்சல் போகட்டும் என்று ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டவே கூடாது. பாஸின் ஸ்ட்ரிங் எர்த்தோடு சேர்ந்தது. திருவிழா மேடையில், ஜெனரேட்டர் கரண்டில், ஈரத் தரையில் நின்றுகொண்டு ஒரு கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து. மேடை ஏறும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வேறு ஒலிதான் வேண்டும் என்றால் பிக்கப் வாங்குங்கள், தப்பில்லை. பழைய குணம் வேண்டுமானால் அல்நிகோ 5 காந்தமும் 10 கிலோ ஓம் சுற்றும் உள்ள விண்டேஜ் வகை. ராக் வாசிக்கத் தடித்த ஒலி வேண்டுமானால் சீமோர் டங்கனின் குவார்ட்டர் பவுண்ட். கால் அங்குலத் தடிமன் காந்தத் தண்டு உள்ளது, சத்தம் பலமாக வரும். என் காதுக்கு ஃப்ளாட்வுண்டோடு முதல் வகைதான் இனிமை. வாங்கும் முன் உங்கள் பழைய பிக்கப் கவரின் நீளம், அகலம், ஸ்க்ரூ இடைவெளி மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் அளவு சில சமயம் ஃபெண்டர் அளவோடு ஒத்துவராது. அப்போது உளியை எடுக்காதீர்கள், பொருந்தும் பிக்கப்பைத் தேடுங்கள்.

பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப் ஒன்றைக் கூடச் சேர்ப்பது, பேட்டரிக்குக் குழி தோண்டி ஆக்டிவ் சர்க்யூட் (பேட்டரியில் ஓடும் ஒலி சர்க்யூட்) வைப்பது, இரண்டும் வேண்டாம். அமெரிக்க பாஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பாஸிலிருந்து ஃப்ரெட்டுகளையே பிடுங்கிவிட்டு எபாக்ஸி பூசினாரே என்று சிலர் கேட்பார்கள். அவர் அதைச் செய்த காலத்தில் அது பத்துப் பதினைந்து வருஷப் பழைய பாஸ், அவ்வளவுதான். உங்கள் கையில் இருப்பதன் வயது அரை நூற்றாண்டு.

கடைசியாகப் பெயின்ட். நான் தொழிலுக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு சன்பர்ஸ்ட் ஜப்பான் பாஸைக் கறுப்பாக அடித்துக் கொடுத்தேன். சர்ச்சில் வாசித்த ஒருவருடையது. அவர் இறந்த பிறகு உறவினர் ஒருவர் கொண்டுவந்து புதுசு மாதிரி ஆக்கச் சொன்னார். 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி மரம் வரை தேய்த்து, கார் பெயின்டரிடம் அடித்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். சில மாதம் கழித்து இறந்தவருடைய மகன் வெளியூரிலிருந்து வந்து அந்த பாஸைப் பார்த்தார். மடியில் வைத்து, முன்கை படும் மேல்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அப்பா கை தேய்ச்ச இடம் இங்கதானே இருந்துச்சு" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கடிதத்தில் முன்கை படும் இடத்தில் மரம் தெரிகிறது என்று படித்ததும் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

விற்பனைக் கணக்கிலும் இது நஷ்டம். பெயின்ட் மாற்றிய விண்டேஜ் கிட்டாருக்கு வாங்குபவர்கள் பாதி விலைதான் பேசுவார்கள். தேய்ந்த இடத்தில் மரம் வியர்வை குடிக்காமல் இருக்க, மெல்லிய அரக்கு பாலிஷைத் துணியால் இரண்டு கை பூசுங்கள். வேண்டாமென்றால் ஸ்பிரிட்டில் துடைத்தெடுக்கலாம். ஆனால் முதலில் எந்தப் பூச்சு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிக்கார்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு தின்னர் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ். அசையாமல் இருந்தால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரிதேன். 70-களின் ஜப்பான் பாஸ் பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்தக் கனமான பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால், பள்ளத்தில் ஃபெவிக்விக் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்து, 800, 1200, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் இறக்கி ரப்பிங் காம்பவுண்ட் போடுங்கள். நைட்ரோவாக இருந்தால் வெடிப்புக் கோடுகளை அப்படியே விடுங்கள், ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். ரப்பர் அந்தப் பூச்சைத் தின்னும்.

கறுப்பு வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதற்கு இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பிக்கார்டை மட்டும் கறுப்பாக வெட்டி மாட்டுங்கள். சன்பர்ஸ்ட் மேல் கறுப்பு பிக்கார்டு, முகமே மாறிவிடும். இரண்டாவது, பாடி மட்டும் தனியாக வாங்கி அதைக் கறுப்படித்து, நெக்கை அதில் பூட்டுங்கள். நெக் பாக்கெட் அளவு பொருந்துகிறதா என்று முன்பே பாருங்கள். மாமாவின் பாடி துணி சுற்றிப் பெட்டியில் இருக்கட்டும்.

அந்தப் புது பாடிக்கு நம் கார் பெயின்டர்களே போதும். ஃபெண்டர் 50, 60-களில் கஸ்டம் கலர் என்று விற்றதெல்லாம் டூபாண்ட் கம்பெனியின் கார் பெயின்டுதான். ஃபியஸ்டா ரெட் என்ற புகழ்பெற்ற சிவப்பு, 1956 ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் நிறம். அந்த டூபாண்ட் பெயின்டில் ஒரு வகைக்குப் பெயர் டூகோ. ஓசூர் ரோட்டில் டிங்கரிங் பட்டறையில் இன்றும் டூகோ அடிக்கணுமா என்று கேட்பார்கள், அதே சொல்தான். மாசி, பங்குனியில் அடியுங்கள். மழைக்காலத்து ஈரக்காற்றில் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே கன் பக்கம் போகாதீர்கள், நெக் பாக்கெட்டுக்குள் பெயின்ட் ஏற விடாதீர்கள். லாக்கர் என்றால் ஒரு மாதம் காயட்டும், அப்புறம் பாலிஷ்.

எதையும் கழற்றும் முன் ஒரு வேலை. பாஸை மாமாவிடம் எடுத்துப் போய், இருக்கிற ஸ்ட்ரிங்கிலேயே ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பிட உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அளவுகோல் அதுதான். எந்த ஸ்ட்ரிங் போட்டார், பிரிட்ஜ் பக்கம் ஒலியை அடக்க ஸ்பாஞ்ச் வைத்தாரா, யார் ரிப்பேர் பார்த்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். மீட்டர் காட்டிய எண்ணை எனக்கு எழுதுங்கள், மொத்தமாக அளந்ததும் இரண்டு துண்டையும் தனித்தனியாக அளந்ததும். அதைப் பார்த்துவிட்டு, பிக்கப் வாங்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.